வாசலில் ஒரு ரோஸ் நிறக் கோடு

மாமாவை நினைத்தால் முதலில் எனக்குத் தெரிவது அவருடைய முதுகு. பனி விலகாத காலை. சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நடுரோட்டில் குந்தியிருப்பார். பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல், கையில் தும்புப் பிரஷ். தார் ரோட்டில் முழ நீளத்துக்கு அடித்திருந்த ரோஸ் நிறக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நான் வாசற்படியில் நின்று, மாமி தந்த தேத்தண்ணீரைக் குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோடு கரைந்து போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே வருவார், கை கழுவுவார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவோம். பிறகு நான் மஞ்சள் நிற வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், பையிலிருந்து பெயின்ட் டின்னை எடுத்துக் குலுக்கி, அவர் அழித்த அதே இடத்தில் அதே கோட்டை மறுபடி அடிப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

அவர் என் அம்மாவின் தம்பி. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே கண்டிக்கு வந்து, ஒரு புடைவைக்கடையில் துணி கிழித்துக் கொடுத்து, பிறகு சொந்தமாகச் சின்னதாய் ஒரு கடை போட்டவர். வாய் ஓயாத மனிதர். சேலை வாங்க வரும் பெண்களிடம் விலையைச் சொல்வதற்கு முன் நான்கு ஊர்க் கதை சொல்லிவிடுவார். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்து நான் அவர் வீட்டுப் பின்னறையில் தங்க வந்தபோது, என்னை எல்லோரிடமும் ‘இஞ்சினியர் மருமகன்’ என்றே அறிமுகம் செய்தார். நான் இஞ்சினியர் இல்லை, மெஷின் தள்ளுகிறவன் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார். தள்ளுவதற்கும் படிப்பு வேண்டும்தானே என்பார்.

கட்டுக்கலைப் பக்கம் மேடேறிப் போகும் ஒரு சந்தில் அவர் வீடு இருந்தது. எண்பத்து மூன்றில், தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த கலவரத்தில் அது எரிந்தது. எரிவதற்கு முதல் நாள் கேட் தூணில் யாரோ தாரால் ஒரு கோடு இழுத்திருந்தார்களாம். ரோட்டுக்குத் தார் போட வந்த ஆட்களின் வேலையாக இருக்கும் என்று மாமா அதை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அந்தக் கோட்டுக்கும் அடுத்த நாள் வந்த நெருப்புக்கும் சம்பந்தம் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அதைத் துடைக்காமல் போனோமே என்ற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை. எல்லாவற்றையும் சிரிப்பாக்கிச் சொல்கிறவர், இதை மட்டும் சிரிக்காமல் சொல்வார்.

பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவைச் சந்து முழுக்க நோனா என்றுதான் கூப்பிடும். அவர் தன் வீட்டு விறகறையில் மாமாவையும் மாமியையும் கைக்குழந்தையையும் ஒளித்து வைத்திருந்ததால் உயிர் தப்பியது. அகதி முகாமில் இருந்தவர்களில் பலர் அப்படியே இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், சிலர் வடக்கே போனார்கள். மாமா திரும்பி வந்தார். கரி பிடித்த சுவர்களை இடித்துவிட்டு, அதே அத்திவாரத்தில் வீட்டைக் கட்டினார். மகள் வளர்ந்து திருச்சியில் வாழ்க்கைப்பட்டபின் ஒவ்வொரு வாரமும் டெலிபோனில் வந்துவிடச் சொல்லிக் கெஞ்சுவாள். அவர் அசைய மாட்டார். ஒருநாள் அவளுக்குச் சொல்லிவிட்டு, எனக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்திச் சொன்னார்: “நெருப்பு வச்சவன் என்னைய போகச் சொல்லித்தானே வச்சான். இப்ப நானா போனா, அவன் நெனச்சத நான் செஞ்சு குடுத்த மாதிரி ஆயிரும்.”

நான் சொல்வது போரின் கடைசிக் காலத்தை. டவுனுக்குப் புதுத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பதிக்கப் போகிறார்கள் என்று வேலை தொடங்கியிருந்தது. வெட்டுவதற்கு முன் நிலத்துக்கடியில் ஏற்கெனவே என்னென்ன கிடக்கிறது என்று பார்த்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் பொறுப்பு. அதற்கு ஒரு ராடார் வண்டி. நான்கு சக்கரம், ஒரு கைப்பிடி, கைப்பிடி நடுவே சின்னத் திரை, அடியில் ரோட்டை உரசிக்கொண்டு வரும் தட்டையான பெட்டி. பெட்டி நிலத்துக்குள் அலைகளை அனுப்பும். குழாயிலோ கேபிளிலோ பட்டுத் திரும்பும் அலை, திரையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவாக வரும். அந்த வளைவின் உச்சிக்கு நேர்கீழே ஏதோ இருக்கிறது, இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது வரைக்கும்தான் அது சொல்லும். யாருடையது, யார் போட்டது, எதற்காகப் போட்டது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கண்டி மழையில் களிமண் ஊறிவிட்டால் அதுவும் தெரியாமல் திரை வெறும் சாம்பலாய்க் கிடக்கும்.

சோதனைச் சாவடிகளில் சிப்பாய்கள் எங்களை நிறுத்துவார்கள். இது குண்டைக் காட்டுமா, ஆளைக் காட்டுமா என்று கேட்பார்கள். எங்கள் மேலதிகாரி, நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், கடுகண்ணாவைக்காரர், சிங்களவர், பொறுமைசாலி. பொலிஸ் கடிதத்தைக் காட்டி அவரே பேசிக்கொள்வார். நான் அடையாள அட்டையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் வாய் திறப்பேன். அந்த நாட்களில் அது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

கண்டுபிடித்ததை ரோட்டிலேயே நிறத்தால் அடையாளம் போடுவோம். தண்ணீருக்கு நீலம், கரண்டுக்குச் சிவப்பு, டெலிபோனுக்கு மஞ்சள். பழைய வரைபடம் எதிலும் இல்லாத, என்னவென்று உறுதியாகத் தெரியாத ஒன்று அகப்பட்டால் ரோஸ். பக்கத்தில் ஆழத்தைக் குறிக்கும் இலக்கம். ரோஸைக் கண்டால் வெட்டுகிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் மெதுவாகத் தோண்ட வேண்டும். அதாவது, கீழே கிடப்பது உடையாமல் இருக்கத்தான் ரோஸ்.

எங்கள் சந்தில் வேலை நடந்த அன்று மாமா கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வந்தார். பூமிக்குள் பார்க்கிற மெஷினை என் மருமகன் ஓட்டுகிறான் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார். மாமி எங்கள் எல்லோருக்கும் இஞ்சித் தேத்தண்ணீர் கொடுத்தார். சேரிடம் மாமா சிங்களத்தில், என் கடன்காரர்கள் யாராவது கீழே ஒளிந்திருக்கிறார்களா பாருங்கள் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். மாமாவின் கேட்டுக்கு முன்னால் நான் வண்டியைத் தள்ளியபோது திரையில் மங்கலாய் ஒரு வளைவு வந்தது. இரண்டு முறை திரும்பத் தள்ளிப் பார்த்தேன். பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. ரோஸ் அடித்து, பக்கத்தில் இலக்கத்தை எழுதிவிட்டு மேலே போனேன். இன்னும் மேலே, போஸ்ட் மாஸ்டர் ஐயாவின் வீட்டு முன்னாலும் அதே போல ஒன்று வந்தது. அவர் யாழ்ப்பாணத்தவர், ஓய்வு பெற்றவர். அங்கேயும் ரோஸ் அடித்தேன். மற்ற வீடுகளுக்கு வரைபடம் சொன்ன இடத்தில் சொன்னபடி பழைய இரும்புக் குழாய் இருந்தது, எல்லாம் நீலம்.

அன்று பின்னேரம் மாமா சந்தின் அடியிலிருந்து நுனி வரை ஒருமுறை நடந்துவிட்டு வந்தார். வந்து கதிரையில் உட்கார்ந்தவர் செய்தி நேரமாகியும் டீவியைப் போடவில்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் நீலம், நமக்கும் போஸ்ட் மாஸ்டருக்கும் மட்டும் ஏன் ரோஸ் என்று கேட்டார். நான் நிறங்களின் விளக்கத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அது சரி, நம் இரண்டு வீடும் மட்டும் ஏன் வரைபடத்தில் இல்லை என்று மறுபடி கேட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் ஒஃபீஸில் பழைய வரைபடத்தையும் எங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். விடை லேசாகவே கிடைத்தது. எங்கள் வீடும் போஸ்ட் மாஸ்டர் ஐயாவின் வீடும் எரிந்தவை; அப்படி எரிந்த வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த பழைய குழாய்கள் நெருப்பிலும் இடிபாட்டிலும் கெட்டுப் போயிருந்தன. திரும்பக் கட்டியபோது, தண்ணீர் கிடைத்தால் போதும் என்று அவசர அவசரமாக வேறு பக்கத்தால் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை யாரும் வரைபடத்தில் ஏற்றவில்லை. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் டவுன் முழுவதற்குமான பெரிய தாளைப் பார்த்தேன். அதிலே அங்கங்கே ரோஸ் புள்ளிகள். கடைத்தெருவில் ஒரு வரிசையில் மூன்று, அந்தப் பக்கத்துச் சந்தில் ஒன்று, மலைச்சரிவில் தனியாக ஒன்று. அந்தக் கடைகளை எனக்குத் தெரியும். எவை எவை எரிந்தவை என்று மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். ரோஸ் எல்லாமே அப்படி என்றில்லை, கைவிடப்பட்ட பழைய வடிகால்களும் இருந்தன. ஆனால் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டதென்று நான் அறிந்த ஒரு வீடோ கடையோ அதில் தப்பவில்லை. இனம், மொழி எதுவும் தெரியாத ஒரு பெட்டி, அத்தனை வருடம் கழித்து, அதே வாசல்களை மறுபடி பொறுக்கி எடுத்திருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போனவன் நான்.

கடைத்தெருவை மாமாவிடம் சொல்லவில்லை. குழாயை மட்டும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“அப்ப எரிஞ்ச வீடுன்னு பாத்துத்தான் போட்டிருக்கு.”

“இல்ல மாமா. குழாய் மாறியிருக்கிறதால போட்டது.”

“குழாய் ஏன் மாறிச்சு?”

“வீடு எரிஞ்சதால.”

“அதத்தானே நானும் சொல்றேன்.”

பொய்யான பயமாக இருந்திருந்தால் உண்மையைச் சொல்லித் தீர்த்திருக்கலாம். இங்கே உண்மையே அவர் பயந்தபடிதான் இருந்தது. எனக்கு இது விளங்குகிறது, உனக்கும் விளங்குகிறது, நாளைக்குக் கெட்ட எண்ணத்தோடு ஒருவன் இந்தச் சந்துக்குள் வந்தால் அவனுக்கு மட்டும் விளங்காதா என்று அவர் கேட்டார். அந்த வாரம்தான் தெற்கே எங்கேயோ பஸ்ஸொன்றில் குண்டு வெடித்திருந்தது. கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அப்படியான ஒரு வாரத்தில் நான் அவரிடம் பயப்படாதீர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்த காலை அவர் மண்ணெண்ணெயும் பிரஷுமாய்ப் போனார். நான் தடுக்கவில்லை. ஆனால் கோட்டை அப்படியே விடவும் முடியவில்லை. வெட்டுகிற மெஷின் எந்த நாளும் வரலாம், கோடு இல்லையென்றால் குழாயை அறுத்துவிடும், வீட்டுக்குத் தண்ணீர் நின்றுவிடும், யாரடா அடையாளத்தை அழித்தது என்று விசாரணை வரும். விசாரணை என்றால் அந்தக் காலத்தில் பொலிஸ். தமிழன் ஒருவன் தன் வீட்டு வாசலில் அரசாங்க வேலையின் அடையாளத்தை அழித்திருக்கிறான் என்றால் அது எங்கே போய் முடியும் என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் அவர் அழிக்க, நான் அடிக்க, இரண்டு வாரத்துக்கு மேல் இது நடந்தது. ஒருவரை ஒருவர் ஏசவில்லை, கோபிக்கவில்லை. ‘சம்பல்ல உப்புப் போதுமா மருமகனே’ என்று கேட்பார். போதும் என்பேன். நான் செய்தது தவறென்று இன்றும் நினைக்கவில்லை. தவறென்று தெரிந்திருந்தால் நிறுத்தியாவது இருப்பேன்.

போஸ்ட் மாஸ்டர் ஐயாவிடமும் போய் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். குழாய் போட்ட கதை அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

“ஓம் தம்பி, எனக்கு வடிவா விளங்குது. ஆனா விளங்கினா பயம் போகும் எண்டு ஆர் சொன்னது?”

அவர் கோட்டை அழிக்கவில்லை. வெளி லைட்டை மட்டும் போடாமல் விட்டார்.

கடைசியில் நோனாதான் என்னைக் கேட்டில் மறித்தார். மாமா காலையில் ரோட்டில் குந்தியிருப்பதை அவர் தன் ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். காரணத்தைக் கேட்டார், சொன்னேன். கேட்டதும் வாயில் கையை வைத்தார். பிறகு, தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்கிற ‘மல்லி’ என்று என்னைக் கூப்பிட்டு, அவ்வளவுதானே, என் வீட்டு வாசலிலும் அதே நிறத்தை அடித்துவிடு, இந்தச் சந்து முழுக்க அடித்துவிடு என்று சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அப்படிச் செய்ய என்னால் முடியாது, சேரிடம் கேட்கிறேன் என்றேன்.

சேர் முதலில் முடியாது என்றார். இல்லாத இடத்தில் இருக்கிறதென்று ஒரு கோடு போட்டால், பிறகு போட்ட எல்லாக் கோட்டையும் யார் நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பெரிய தாளை அவர் முன்னால் விரித்து, எந்தெந்த ரோஸ் யார் யாருடையது என்று விரலால் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். தாளைச் சுருட்டித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலை தானே எங்கள் சந்துக்கு வந்து, பெயின்ட் டின்னைக் கையில் எடுத்து, நோனாவின் வாசலிலும் இன்னும் சில வாசல்களிலும் ரோஸ் அடித்தார். ஒழுங்காக, நேராக அடித்தார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அவர் தொழிலில் அதற்குமுன் ஒரு பொய்க்கோடு போட்டிருக்க மாட்டார்.

மாமா அன்றும் சந்து முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, “உங்க சேர் நல்ல மனுசன்” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அவங்க வாசல்ல போட்டதுல நம்பர் இல்ல.”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். உண்மையான ரோஸ் இரண்டிலும் பக்கத்தில் ஆழத்தின் இலக்கம் இருந்தது. மற்றவற்றில் கோடு மட்டும். கோடு போடுகிற வரைக்கும் சேரால் மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்திருக்கிறது, இல்லாத குழாய்க்கு ஆழம் எழுதக் கை வரவில்லை. அந்த நேர்மையைக் குறை சொல்ல நான் யார்? சந்தில் வேறெவரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். மாமா கவனித்தார். இருபது வருடத்துக்கு மேலாக வாசல்களைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த மனிதர் அவர்.

அதற்குப் பிறகு அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். போத்தலும் பிரஷும் பின்பக்கத்துக்குப் போயின. நான் சந்தோஷப்பட்டேன். ஒருவழியாக மனம் ஆறிவிட்டது என்று அம்மாவுக்கு டெலிபோனில்கூடச் சொன்னேன். உண்மையில் அவர் மகளிடமே திருச்சிக்குப் போய்விட முடிவெடுத்திருந்தார். விட்டுப் போகிற வீட்டு வாசலில் என்ன நிறம் இருந்தால் என்ன என்று நினைத்திருப்பார். கடையில் மிஞ்சியிருந்த துணியை கலகெதர ஊர்க்கார வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார், வீட்டையும் அவரே வாங்கினார். மாமியை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தாங்காது. போகிற அன்று காலையிலும் அவர் வீடு முழுவதையும் கூட்டினார். நோனா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். மாமா அவர் கையைப் பிடித்து, இரண்டாம் தடவையும் உங்கள் விறகறைக்குள் வந்து உட்கார எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். வேனில் ஏறும்போது கேட்டுக்கு முன்னால் இருந்த கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். வேன் இறக்கத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் செய்யக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான்.

மழையாலும் பணம் வராததாலும் வெட்டும் வேலை தள்ளிக்கொண்டே போய், அவர் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகுதான் எங்கள் சந்துக்கு வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். ரோஸ் கோட்டைக் கண்டதும் மெஷினை நிறுத்தி, இரண்டு பேர் மண்வெட்டியால் மெதுவாகத் தோண்டினார்கள். எழுதிய இலக்கத்துக்குச் சரியாக, கறுப்புக் குழாய் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. மேற்பார்வைக்காரர் என் முதுகில் தட்டிக் கெட்டிக்காரன் என்றார். வீட்டுக்குள்ளிருந்து புது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தண்ணீர் நிற்காதுதானே என்று கேட்டார். நிற்காது என்றேன். ஊரில் ஒரு கலவரமும் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வராது என்று அன்று யாராலும் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

போர் முடிந்து இத்தனை வருடமாகிவிட்டது. நான் இன்னும் இதே வேலையில்தான் இருக்கிறேன், இப்போது கொழும்பில். மெஷின் மாறிவிட்டது, திரை பெரிதாகி நிறம் நிறமாகக் காட்டுகிறது. மாமாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. திருச்சியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார். கோயிலுக்குக்கூட ஓட்டோவில்தான் போகிறார் என்று மாமி சொல்வார். போன மாதம் பேசும்போது அவர் வழக்கம்போல என் சம்பளத்தைக் கேலி செய்தார், கொழும்பில் புடைவை என்ன விலை என்று விசாரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

“நேத்து ஏதோ கணக்கெடுக்கிற ஆளுங்க வந்து வாசல்ல பெயின்ட்டால நம்பர் எழுதிட்டுப் போனாங்க, மருமகனே.”

எல்லா வீட்டிலுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவரே தொடர்ந்தார்.

“ஒண்ணும் பயமில்ல. தெருக் கடைசி வரைக்கும் நடந்து போய்ப் பாத்துட்டேன். எல்லா வீட்லயும் எழுதியிருக்கு.”

பிறகு டெலிபோன் மாமியின் கைக்குப் போனது. உள்ளே மாமா நடக்கும் சத்தம் கேட்டது. அவர் தள்ளிப் போகட்டும் என்று மாமி காத்திருந்திருக்க வேண்டும்.

“அந்தத் தெருவோட நிக்கல தம்பி,” என்றார் மாமி. “அடுத்த தெருவுக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தாரு.”